மெதுவான ரயிலில் ஐந்து நாள்

முதல் நாள்: சனி, ஜூன் 7, 2025
ஆஹன் – கொலோன் – கோப்லென்ஸ் – பஹராக்

இதை ஒரு கோட்டைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்குக் கீழே ரைன் ஆறு. மணி ஒன்பதரை ஆகியும் வெளிச்சம் போகவில்லை. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் என் அறைத்தோழி அசந்து தூங்குகிறாள். இந்த இரவுக்கும் நாளைக் காலை உணவுக்கும் சேர்த்து ஆளுக்கு 34 யூரோ ஆயிற்று.

அவள் தென்காசிப் பக்கம். ஏப்ரலில்தான் ஜெர்மனிக்கு வந்தாள். இந்த இரண்டு மாதத்தில் வகுப்பு, நூலகம், விடுதிச் சமையலறை இவை தவிர எதையும் பார்த்ததில்லை. பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகை வாரத்தில் எங்களுக்கு வகுப்பு கிடையாது. எங்காவது போய் வரலாமா என்று கேட்டேன். "கடன் வாங்கிப் படிக்க வந்துவிட்டு ஊர் சுற்றுவதா, அக்கா? அம்மாவிடம் என்ன சொல்வேன்?" என்றாள்.

இதே கேள்வியோடுதான் நானும் இரண்டு வருடத்துக்கு முன் என் முதல் குளிர்காலத்தை அறைக்குள்ளேயே கழித்தேன். நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். பேச ஆள் கிடையாது. பிப்ரவரித் தேர்வில் இரண்டு பாடங்கள் போயின. இவளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் இந்தப் பயணத்துக்கு முதல் காரணம். விசாவுக்காக வங்கியில் முடக்கி வைத்த 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும்; வாடகையும் காப்பீடும் சாப்பாடும் அதற்குள் அடங்க வேண்டும். அவள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் நான் வாதம் செய்யவில்லை. "ஐந்து நாளும் இரவில் கணக்கு எழுதுவோம். கைமீறுகிறது என்று என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்கே திரும்பிவிடுவோம்" என்றேன். விருதுநகரில் என் அப்பாவுக்கு மளிகைக் கடை. வரவு செலவு எழுதாமல் அவர் கடை சாத்தியதே இல்லை. அவர் வாங்கிக் கொடுத்த சிவப்பு அட்டை நோட்டுதான் இப்போது என் மடியில் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: பயணத்துக்கான பெரிய செலவை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது. 2025இல் மாதம் 58 யூரோவாக இருந்தது. நாடு முழுவதும் வட்டார ரயில், நகர ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ஐசிஇ ரயிலிலும் ஐசி ரயிலிலும் செல்லாது. பல பல்கலைக்கழகங்களில் இதையே அறுபது சதவீத விலைக்கு, 2025இல் மாதம் 34.80 யூரோ, ஆறு மாதத்துக்கு 208.80 என்று பருவக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். பாதி மாணவர்கள் இதை வகுப்புக்குப் போகவும் கடைக்குப் போகவும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கொடுத்த காசுக்கு நாடே திறந்து கிடக்கிறது.

மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான். ரயில் செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் இணைப்புகளை மட்டும் காட்டும்படி ஒரு தேர்வு இருக்கிறது. அதை முதலில் அழுத்திவிடுங்கள். சில சமயம் நீங்கள் போகும் ஊருக்கே போகும் வேக ரயில் ஐந்து நிமிடம் முன்னதாக அதே நடைமேடைக்கு வரும். அவசரத்தில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம். குறைந்தது 60 யூரோ போய்விடும். டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பது. பரிசோதகர் கேட்டால் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். தோழியுடையதை வாங்கிக்கொண்டு போகலாம் என்று எண்ணவே எண்ணாதீர்கள்.

காலை ஏழு மணிக்கு, நாங்கள் படிக்கும் ஆஹன் ஊரில், கடைக்குள் நுழைந்தோம். நாளை ஞாயிறு, நாளை மறுநாள் பெந்தெகொஸ்தே திங்கள். இரண்டு நாளும் இந்த நாட்டில் கடை திறக்காது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் போன்ற சில மட்டும் விதிவிலக்கு. அங்கே விலை கூடுதல். ரொட்டி, வாழைப்பழம், தயிர், வெள்ளரிக்காய், தக்காளி வாங்கினோம். ஆளுக்கு 9.40. நேற்றிரவே ஒரு பெரிய டப்பா நிறையப் புளியோதரை கிளறி ஆறவைத்துக் கட்டியிருந்தேன். நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் இந்தக் குளிருக்கு இரண்டு நாள் தாராளமாக இருக்கும். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். ஜெர்மனியில் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. காலிப் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் போதும்.

கொலோனில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்த உடனே தேவாலயம் தலைக்குமேல் நிற்கிறது. 1248இல் தொடங்கி 1880இல் முடித்தது. 157 மீட்டர் உயரம். அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்ததால் வாசல் படியில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டோம். தோழி கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தாள். நடுவில் சில நூறு வருடம் வேலையே நடக்கவில்லை என்று சொன்னேன். "அப்படியானால் நானும் என் ஆய்வறிக்கையை நிதானமாக எழுதலாம்" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கொலோனிலிருந்து தெற்கே, ஆற்றின் மேற்குக் கரையோடு போகும் வட்டார ரயிலில் இடது பக்கம் உட்காருங்கள். இது முக்கியம். கோப்லென்ஸைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு நெருங்கி வருகிறது. இரண்டு கரையிலும் செங்குத்தான திராட்சைத் தோட்டம், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை. 2002இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பகுதி இது. இதைப் பார்க்கவென்றே சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துக் கப்பலில் போகிறார்கள். அதே ஆறு, அதே கோட்டைகள் எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஓடின. சாங்க்ட் கோவாரை விட்டதும் எதிர்க்கரையில் லோரலை பாறை, ஆற்றிலிருந்து 132 மீட்டர். அதன் உச்சியில் ஒரு பெண் தலைவாரிப் பாடி, படகோட்டிகளை மயக்கிப் பாறையில் மோதவைத்தாள் என்று கதை. ரயில் குகைக்குள் நுழைந்துவிடும். அதற்குமுன் பார்த்துவிட வேண்டும். அதையும் தாண்டினால் காவுப் என்ற ஊருக்கு எதிரே, ஆற்றின் நட்டநடுவில் வெள்ளைக் கோட்டை ஒன்று கல் கப்பல்போல் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் படகுகளிடம் சுங்கம் வாங்கக் கட்டியது.

பஹராக்கில் இறங்கினோம். ஊருக்கு மேலே குன்றின்மேல் ஷ்டாலெக் கோட்டை. 1689இல் பிரெஞ்சுப் படை வெடிவைத்துத் தகர்த்தது; 20ஆம் நூற்றாண்டில் மறுபடியும் எழுப்பி இளையோர் விடுதியாக்கினார்கள். இந்த விடுதிகளில் தங்க உறுப்பினர் அட்டை வேண்டும். 27 வயதுக்குக் கீழே இருந்தால் ஆண்டுச் சந்தா மிகக் குறைவு. போர்வை உறையும் தலையணை உறையும் கொடுப்பார்கள், நாமே விரித்துக்கொள்ள வேண்டும். துண்டு கொண்டுபோக வேண்டும். உலகத்தின் முதல் இளையோர் விடுதியும் ஒரு கோட்டைக்குள்தான் இருந்தது. வெஸ்ட்ஃபாலியாவில் உள்ள ஆல்டெனா கோட்டையில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கியது. நகரத்துப் பிள்ளைகள் குறைந்த செலவில் வெளியே போய்க் காற்று வாங்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அந்த எண்ணத்தின் பலனை இன்றிரவு நாங்கள் அனுபவிக்கிறோம்.

ஏறும் படிக்கட்டில், பாதி வழியில், கூரையில்லாத செம்மணற்கல் கோயில் ஒன்று நிற்கிறது. வெர்னர் சிற்றாலயம். பார்க்க அவ்வளவு அழகு. பின்னால் இருக்கும் கதை கொடியது. 1287இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்துகிடந்தபோது யூதர்கள்தான் கொன்றார்கள் என்று பொய்ப்பழி கிளம்பியது. ரைன் கரை ஊர்களில் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அந்தச் சிறுவன் நினைவாகக் கட்டியது இது. படம் எடுக்கக் கையை உயர்த்திய தோழி இதைக் கேட்டுக் கைபேசியை இறக்கிவிட்டாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறினோம்.

செலவு: ஆளுக்கு 43.40 யூரோ. ஐந்து நாளில் அதிகம் ஆகப்போவது இன்றைக்குத்தான்.

இரண்டாம் நாள்: ஞாயிறு, ஜூன் 8
பஹராக் – மைன்ஸ் – கார்ல்ஸ்ரூ

விடுதியின் காலை உணவை அவசரமில்லாமல் சாப்பிட்டோம். ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, பழம். பகல் பதினொரு மணிவரை பசி எடுக்கவில்லை.

மைன்ஸ் ஒரு மணி நேரம்கூட இல்லை. அச்சு இயந்திரம் செய்த கூட்டன்பர்க்கின் ஊர். நான் தோழியை அழைத்துப்போனது அதற்காக அல்ல. குன்றின்மேல் சாங்க்ட் ஸ்டீஃபன் என்ற தேவாலயம் இருக்கிறது. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. காலை வழிபாடு முடியும்வரை வெளியே காத்திருந்து நண்பகலுக்குமேல் போனோம்.

உள்ளே நீலம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மழைக்கு முந்தைய அந்தி நேரத்தில் வானம் கொஞ்ச நேரம் ஒரு நிறத்தில் இருக்குமே, அதற்குள் நடப்பதுபோல இருந்தது. தரை, தூண், தோழியின் வெள்ளைத் துப்பட்டா எல்லாவற்றின்மேலும் அந்த நீலம் படிந்திருந்தது. போரில் குண்டுவீச்சில் சிதைந்த தேவாலயம் இது. இதற்குக் கண்ணாடி ஓவியம் வரைந்து கொடுத்தவர் மார்க் ஷகால், யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி 1941இல் அமெரிக்காவுக்குப் போனவர். 1978இல் முதல் ஜன்னலைப் பொருத்தியபோது அவருக்கு 91 வயது. 1985இல் இறப்பதற்குள் ஒன்பது ஜன்னல்கள் செய்து கொடுத்தார். ஜெர்மனியில் வேறெந்தத் தேவாலயத்துக்கும் அவர் செய்ததில்லை.

நேற்றைய சிற்றாலயமும் இன்றைய ஜன்னலும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தவர் மற்றதையும் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். தோழி முக்கால் மணி நேரம் பெஞ்சை விட்டு எழவில்லை. போகும்போது உண்டியலில் ஆளுக்கு இரண்டு யூரோ போட்டோம். கட்டணம் இல்லாத இடத்தில் இரண்டு யூரோ போடுவது எனக்கு வழக்கம். நம்மைப் போன்றவர்களுக்காகத்தானே திறந்து வைத்திருக்கிறார்கள்.

ரயில் நிலையக் கழிவறைக்கு ஒரு யூரோ ஆயிற்று. அது என் தவறு. ரயிலுக்குள் இருக்கும் கழிவறைக்குக் காசு இல்லை. இறங்குவதற்குமுன் போய்வந்துவிடுவது என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை ரயில் மாறி, மாலையில் கார்ல்ஸ்ரூ வந்தோம். இங்கே எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் முதுகலை படிக்கிறார். மதுரைக்காரர். மூன்று இரவு அவர் அறையில் தரையில் மெத்தை. வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய செல்வம் இதுதான்: எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர் இருப்பார். அந்தச் செல்வத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். அவர் தயங்கினால் உடனே விட்டுவிடுங்கள். பொதுச் சமையலறை உள்ள விடுதி என்றால் அங்கே இருக்கும் மற்றவர்களிடமும் அவர் சொல்லிவிட்டாரா என்று கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். நான் ஊரிலிருந்து வந்த சாம்பார்ப் பொடியில் பாதியும், ஒரு கட்டு அப்பளமும், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலையும் கொண்டுவந்தேன். அக்கா கறிவேப்பிலைப் பொட்டலத்தைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்து மூச்சை இழுத்தார். "மூன்று மாதமாயிற்று" என்றார். இரவு சாம்பாரும் மிச்சப் புளியோதரையும். பாத்திரம் தேய்த்தது நாங்கள்.

படுக்கையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள் என்று தோழியிடம் சொன்னேன். முதல் வருடம் நான் செய்தேன். 25 யூரோ விடுதிக்குக் கொடுக்க மனமில்லாமல் ஒரு பெரிய ரயில் நிலையத்தில் இரவைக் கழித்தேன். விடியற்காலையில் கண் அசந்த பத்து நிமிடத்தில் பை போய்விட்டது. உள்ளே மடிக்கணினி, பாதி எழுதிய அறிக்கை. அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

செலவு: 3.00.

மூன்றாம் நாள்: திங்கள், ஜூன் 9
ஸ்ட்ராஸ்பூர்க், நடந்தே

நடந்தே பிரான்ஸுக்குப் போனோம்.

கார்ல்ஸ்ரூவிலிருந்து தெற்கே போய், கேல் என்ற எல்லை ஊரில் இறங்கினால் எங்கள் டிக்கெட் முடிந்துவிடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர்க். கேலிலிருந்தே டிராம் உண்டு. எங்களுக்கு நடக்க ஆசை. பூங்காவுக்குள் போனால் ரைனுக்குக் குறுக்கே ஒரு நடைபாலம், 2004இல் கட்டியது. வளைவாக ஒரு பாதை, நேராக ஒரு பாதை. இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு மேடை. அங்கே நின்றுகொண்டு தோழி அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். "அம்மா, இந்தக் கால் ஜெர்மனி, இந்தக் கால் பிரான்ஸ்." அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "விழுந்துவிடாதே, கைப்பிடியைப் பிடித்துக்கொள்" என்றார்கள். ஊர் சுற்றுகிறாயா என்று கேட்கவில்லை.

எல்லை தாண்டும்போது காகித விஷயத்தில் கறாராக இருங்கள். ஜெர்மனியின் வசிப்பு அட்டையோ மாணவர் நீண்டகால விசாவோ செல்லுபடியாக இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள்வரை இருக்கலாம். பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் படம் போதாது. காலையில் கிளம்பும்போது தோழி, "தொலைந்துவிடும், அக்கா. இங்கேயே வைத்துவிடட்டுமா?" என்று பாஸ்போர்ட்டை மெத்தைக்கு அடியில் செருகப் பார்த்தாள். பிடிவாதமாக எடுத்துவரச் சொன்னேன். மாலையில் டிராமில் திரும்பும்போது ஜெர்மன் காவலர்கள் எங்களைக் கேட்டார்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை போடத் தொடங்கியது. இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்து, நல்ல மாலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கை கொஞ்ச நேரம் நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்று. உங்களுடையது அரசுச் சட்டப்படியான மருத்துவக் காப்பீடு என்றால் அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டை அச்சாகியிருக்கும். பிரான்ஸில் காய்ச்சல் வந்தாலோ கால் முறிந்தாலோ அது உதவும். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது, உங்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். இந்தியர்களான நமக்கு அந்த அட்டை ஸ்விட்சர்லாந்தில் செல்லாது.

ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயம் இளஞ்சிவப்பு மணற்கல். ஒரே ஒரு கோபுரம்தான், இரண்டாவதைக் கட்டவே இல்லை. 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். கல்லை இவ்வளவு மெல்லியதாக இழைக்க முடியுமா என்று வியந்தேன். சிற்பியின் உளி பட்ட இடம் இடமாகத் தொட்டுப் பார்த்தேன். 1871இல் ஜெர்மனிக்குப் போய், 1918இல் பிரான்ஸுக்கு வந்து, 1940இல் மறுபடி ஜெர்மனியிடம் மாட்டி, 1944இல் விடுபட்ட ஊர். அதனால்தான் தெருப் பெயர் பிரெஞ்சாக இருக்கிறது, வீட்டுச் சுவரின் மரச்சட்டம் ஜெர்மன் வீடுபோல இருக்கிறது. மதியம் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து ரொட்டியும் வெள்ளரிக்காயும் மிளகாய்ப் பொடியும். மிளகாய்ப் பொடி எங்கேயும் கைவிடாது.

பிரான்ஸிலும் இன்று விடுமுறை. ரொட்டிக்கடை ஒன்று திறந்திருந்தது. கார்ல்ஸ்ரூ அக்காவுக்கு ஒரு கூகல்ஹோஃப் வாங்கினோம். பாதாம் பதித்த வட்டக் கேக்.

செலவு, டிராமும் கேக்கும்: 7.50.

நான்காம் நாள்: செவ்வாய், ஜூன் 10
கருங்காட்டு ரயிலில் கான்ஸ்டன்ஸ்

கடை திறந்தாயிற்று. காலையிலேயே காய்கறி வாங்கி அக்காவின் குளிர்ப்பெட்டியை நிரப்பிவிட்டுக் கிளம்பினோம்.

இன்று ரயில்தான் சுற்றுலா. கார்ல்ஸ்ரூவிலிருந்து கான்ஸ்டன்ஸுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். வட்டார ரயில், கூடுதலாக ஒரு காசு இல்லை. 1873இல் முழுவதும் திறந்த, கருங்காடு என்ற மலைப்பகுதியின் ரயில் பாதை. ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர் வடிவமைத்தது. மலையை நேராக ஏறாமல், வளைந்து வளைந்து வந்த திசைக்கே திரும்பி, 39 குகைகளுக்குள் நுழைந்து வெளிவருகிறது. ஹௌசாக்கைத் தாண்டியதும் ஒரு தேவாலயக் கோபுரம் கீழே வலப்பக்கம் தெரிந்தது. இரண்டு குகை கழித்து அதே கோபுரம் இடப்பக்கம், இன்னும் கீழே.

தோழிக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. "செங்கோட்டை–புனலூர் பாதை மாதிரியே இருக்கிறது, அக்கா! ஆரியங்காவு குகை வந்தால் நாங்கள் எல்லோரும் கத்துவோம்." ஒவ்வொரு குகைக்கும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, அவரும் சேர்ந்து ஜெர்மனில் எண்ண ஆரம்பித்தார். அவளுக்கு ஜெர்மன் இருபதுவரைதான் தெரியும். இருபத்தொன்றிலிருந்து அவர் கற்றுக்கொடுத்தார். ஜெர்மனில் ஒன்றும்-இருபதும், இரண்டும்-இருபதும் என்று பின்னிருந்து சொல்ல வேண்டும். குகை வந்து இருட்டும்போது அவள் குரல் மட்டும் கேட்டது. இரண்டு மாத வகுப்பில் வாய் திறக்காதவள் இவள். ஐசிஇ ரயிலில் ஆளுக்கொரு காதொலிப்பானோடு போயிருந்தால் இது நடந்திருக்காது.

கடைசிப் பெரிய குகைக்குமேல் நீர் பிரியும் மேடு. இந்தப் பக்கம் பெய்யும் மழை ரைனுக்கு, அந்தப் பக்கம் பெய்வது டான்யூபுக்கு. டான்யூப் இங்கே நம் ஊர் ஓடைபோலச் சின்னது. இம்மெண்டிங்கன் பக்கத்தில் கோடையில் அதன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி மறைந்து, தெற்கே வேறு ஊற்றாகக் கிளம்பி, ரைனோடு சேர்கிறது.

கான்ஸ்டன்ஸ் பெரிய ஏரிக் கரையில் இருக்கிறது. ஹார்ன் என்ற முனையில் குளிக்கும் கரை. நுழைய கட்டணம் இல்லை, புல்தரையும் உடைமாற்றும் இடமும் உண்டு. தண்ணீர் இன்னும் குளிர்தான். முழங்கால்வரை இறங்கி நின்றோம். குற்றாலத்துக்காரி கழுத்துவரை போய்விட்டாள்.

பிறகு நடந்து மூன்றாவது நாட்டுக்கு. கான்ஸ்டன்ஸும் ஸ்விட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கனும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். ஏரிக்கரைப் புல்வெளியில் உலகப்போர்க் காலத்து வேலி ஒன்று இருந்தது. 2006இல் அதை எடுத்துவிட்டு, மறு ஆண்டு 22 உலோகச் சிற்பங்களை எல்லைக்கோட்டில் நட்டார்கள். வேலி இல்லாத எல்லை. 2020இல் கோவிட் வந்தபோது இதே இடத்தில் மறுபடியும் வேலி போட்டார்கள், அதுவும் இரட்டை வேலி. இருபக்கமும் நின்று காதலர்களும் குடும்பத்தாரும் பேசிக்கொண்டார்களாம். இன்று ஒரு சிறுவன் இரண்டு சிற்பங்களைக் கோல் கம்பமாக வைத்துப் பந்து உதைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்விட்சர்லாந்துக்குள் காலை வைப்பதற்குமுன் கைபேசியில் இணையத்தை அணைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ரோமிங்குக்கு 2017 முதல் தனிக் கட்டணம் கிடையாது. ஸ்விட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. சில திட்டங்களில் சேர்த்திருப்பார்கள், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே எதுவும் வாங்கவும் வேண்டாம். விலை நமக்குக் கட்டாது. ஐஸ்கிரீமை இந்தப் பக்கம் வந்து சாப்பிட்டோம்.

செலவு, காய்கறியும் ஐஸ்கிரீமும்: 8.10.

ஐந்தாம் நாள்: புதன், ஜூன் 11
வீடு

கார்ல்ஸ்ரூ அக்கா தயிர்சாதம் கட்டிக்கொடுத்தார். பகல் முழுவதும் ரயில். நேரே வந்தால் ஆறேழு மணி நேரம். பாதி வழியில் எங்கள் இணைப்பு ரயில் ரத்தானது. ஒன்றேகால் மணி நேரம் நடைமேடையில். ஐந்து நாளில் கலக்கமாக இருந்தது அந்த நேரம்தான். அடுத்ததும் வராவிட்டால் என்ன செய்வது என்று தோழி முகம் வாடிவிட்டது. வட்டார ரயிலில் போகிறவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். அன்றைய கடைசி ரயிலைத் திட்டத்தில் வைக்கவே வைக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் குறைந்தது இரண்டு ரயில் இருக்க வேண்டும். மறுநாள் தேர்வோ விமானமோ இருந்தால் இந்த டிக்கெட்டை நம்பாமல் வேக ரயிலுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். அங்கே காசு பார்க்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் தாமதமானால் ஒரு தடவைக்கு 1.50 யூரோ நட்டஈடு கேட்கலாம். நான்கு யூரோ சேர்ந்தால்தான் கொடுப்பார்கள், விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்து அனுப்ப வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் ஆளுக்கொரு காபியும் ரொட்டியும், 3.50.

ஆஹன் வந்ததும் கடைக்குப் போய், பயணத்தில் சேர்ந்த காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களை இயந்திரத்தில் போட்டோம். நாங்கள் வாங்கியவை இல்லை. கார்ல்ஸ்ரூ அக்கா அறையில் கிடந்தவை. "எடுத்துக்கொண்டு போங்கள், வழிச்செலவுக்கு ஆகும்" என்று கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வைப்புத் தொகை. நான்கை என் கணக்கில் போட்டோம், நான்கை அவள் கணக்கில். ஆளுக்கு ஒரு யூரோ.

விடுதிச் சமையலறை மேசையில் நோட்டை விரித்தேன். 43.40, 3.00, 7.50, 8.10, 3.50. கூட்டினால் 65.50. பாட்டில் வரவு 1.00 போக 64.50. சுமார் ஆறாயிரத்து முந்நூறு ரூபாய். தோழி இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு தன் கைபேசியிலும் ஒருமுறை. "மூன்று நாடு, அக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஆகஸ்டில் எங்கே போகலாம் என்று ரயில் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். எல்பே ஆற்றங்கரையில் விரல் நிற்கிறது.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும், காலையில்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. தூங்கவில்லை போல. செலவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கோட்டையில் படுத்தாயா? நல்ல படமாக ஒன்று அனுப்பு. கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும்."